பொதுநோக்கு மண்டபத்தில் சொன்ன வாய்க்கால் கதை

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பற்றி எழுதாமல் விடுவோம் என்றுதான் இருந்தேன். ஆனால் அங்கே எடுத்த வீடியோ இன்று காலை வரைக்கும் எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. “தங்கச்சி, இது உண்மையோ?” என்று கேட்டு அனுப்பியவர்களும் இருக்கிறார்கள். “ஆஸ்பத்திரி ஆக்கள் நீங்கள் இதையெல்லாம் மறைக்கிறியள்” என்று ஏசி அனுப்பியவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான்.

வந்து பேசிய ஐயா சொன்னது இதுதான். வாய்க்கால் அடைபட்டால் தண்ணீர் பக்கத்தால் வழி எடுக்கும். அதேபோல இதயக் குழாய் அடைபட்டால் இதயம் தானே பக்கக் குழாய் போட்டுக்கொள்ளும். அது இயற்கை தந்த பைபாஸ், அதாவது அடைப்பைச் சுற்றிப் போகிற மாற்றுவழி. மை ஏற்றிக் குழாயைப் படம் பிடிக்கிற அஞ்சியோகிராமும் தேவையில்லை, குழாயைத் திறந்து வைக்கிற சிறு வலைக்குழலான ஸ்ரென்ற்றும் தேவையில்லை, குளிசையும் தேவையில்லை, இந்தத் தூளைக் கரைத்துக் குடித்தால் போதும். மண்டபம் நிறையக் கைதட்டல். முன்வரிசைக் கதிரைகளில் இருந்தவர்களில் பாதிப்பேரின் கிளினிக் கொப்பி எங்களிடம் இருக்கிறது. அவர்களுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. “இங்கே ஆருக்குச் சீனி இருக்கு?” என்று அவர் ஒரு தடவை கேட்டிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

பக்கக் குழாய் வளர்வது பொய் என்று நான் சொல்லவில்லை. இதயத்தின் தமனிகளுக்கு இடையில் மிக மெல்லிய இணைப்புகள் பலருக்குப் பிறவியிலேயே இருக்கின்றன. பெரிய குழாய் ஒன்று மெல்ல மெல்ல அடைபட்டு வரும்போது இரண்டு பக்கமும் அழுத்தம் வேறுபடும். இரத்தம் அந்த மெல்லிய இணைப்புகளுக்குள்ளால் வேகமாக ஓடத் தொடங்கும். அந்த ஓட்டம் உட்சுவரை உரசும். உட்சுவர்க் கலங்கள் அதை உணர்ந்து, குழாயை விரியவைக்கிற நைத்திரிக் ஒட்சைட்டை வெளியிடும். இரத்தத்தில் இருக்கும் மொனோசைற் என்கிற வெள்ளைக் கலங்கள் வந்து ஒட்டும். பிறகு சுவர் கழன்று திரும்பக் கட்டப்பட்டு, குழாய் அகலும். இதற்குக் கிழமைகள் எடுக்கும். அஞ்சியோகிராமில் இதைப் பார்த்து 0 இலிருந்து 3 வரை புள்ளி போடும் முறை 1985 இலிருந்தே இருக்கிறது. ரென்ட்ரொப் புள்ளி என்பார்கள். இதையெல்லாம் மறைத்து வைத்து எங்களுக்கு என்ன வரப்போகிறது?

சீனி வந்தவருக்கு இந்த வேலையின் ஒவ்வொரு படியிலும் கோளாறு வரும். அதைத்தான் அந்த மண்டபத்தில் யாரும் சொல்லவில்லை. பல வருடம் ஏறி நின்ற சீனி உட்சுவரைக் கெடுத்துவிடும். நைத்திரிக் ஒட்சைட்டு குறையும். புரதங்களில் சீனி ஒட்டிச் சுவர் விறைத்துப்போகும். வளரச் சொல்லி உடம்பு அனுப்பும் சமிக்ஞைக்கு மொனோசைற் கலங்கள் சரியாக அசையாது. எலும்பு மச்சையிலிருந்து வந்து குழாயைத் திருத்த வேண்டிய கலங்களும் குறைந்துவிடும். 1999 இல் துருக்கி வைத்தியர்கள் சீனி உள்ள இதய நோயாளிகளையும் இல்லாதவர்களையும் அஞ்சியோகிராமில் ஒப்பிட்டார்கள். சீனி உள்ளவர்களுக்குப் பக்கக் குழாய்கள் குறைவாகவே வளர்ந்திருந்தன. வாய்க்கால் கதையே சொல்லுங்கள், பரவாயில்லை. ஆனால் வரம்பு இறுகிக் கல்லாய்ப் போயிருந்தால் தண்ணீர் எங்கே உடைத்துக்கொண்டு போகும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எல்லா ஆய்வும் அப்படிச் சொல்லவில்லையே என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். உண்மைதான், சிலவற்றில் வித்தியாசம் தெரியவில்லை. அதற்காகக் குளிசையை நிறுத்தச் சொல்லலாமா?

என் அப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவரையும் அந்த வீடியோவுக்குக் கீழே வந்த கொமென்ட்டுகளுக்குள் இழுத்துவிட்டார்கள். அப்பாவுக்கு நெஞ்சு நொந்ததே இல்லை. காலபோக அறுவடை நேரம், மெஷின் வயலுக்குள் நிற்கிறது, அவர் வரம்பில் குந்திவிட்டார். சேட் முழுக்க வேர்வை. சத்தி வருகிற மாதிரிக் கிடக்கு என்றார். அம்மா வெயில் என்று நினைத்துத் தேசிக்காய்த் தண்ணீர் கரைத்துக் கொடுத்தார். பின்னேரம் எழும்பித் திரும்ப வயலுக்குப் போய்விட்டார். மாதங்கள் கழித்து ஈசிஜி எடுத்தபோதுதான் மாரடைப்பு வந்து போயிருப்பது தெரிந்தது. சீனி நரம்பையும் கெடுத்துவிடும். நெஞ்சுநோ வராமலே மாரடைப்பு வரும். நோ இல்லையென்றால் வருத்தம் இல்லை என்று நம்புகிற ஊர் எங்களுடையது.

யாழ்ப்பாணத்தில் அஞ்சியோகிராம் செய்தபோது வைத்தியர் திரையில் அடைபட்ட இடத்தைக் காட்டினார். மை போய் அந்த இடத்தில் நின்றுவிட்டது, அதற்கு அப்பால் வெறும் வெள்ளை. “பக்கத்தால வந்திருக்க வேணும், இவருக்கு வரேல்ல” என்றார். அதே காலத்தில்தான் அப்பாவின் கண்ணுக்கு லேசர் வைத்துக்கொண்டிருந்தோம். விழித்திரையில் தேவையில்லாத புதுக் குழாய்கள் வளர்ந்து, மெல்லிசாக இருந்ததால் வெடித்து இரத்தம் கசிந்திருந்தது. அப்பா என்னைப் பார்த்துக் கேட்டார்: “கண்ணில வேண்டாமெண்ட இடத்தில வளருது, நெஞ்சில வேணுமெண்ட இடத்தில வளராதோ பிள்ளை?”

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நான் இவ்வளவும் வாசித்தேன். விழித்திரையின் நுண்குழாய்களைச் சீனி அழித்துவிட, ஒட்சிசன் கிடைக்காத விழித்திரை வி.இ.ஜி.எப். என்கிற, புதுக் குழாயை வளர்க்கிற புரதத்தை அளவு கடந்து விடும். அதனால்தான் அதைத் தடுக்கிற ஊசியைக் கண்ணுக்குப் போடுகிறார்கள். இதயத் தசையிலோ அதே புரதமும் அதை ஏற்கும் வாங்கிகளும் சீனி உள்ளவர்களில் குறைந்துபோயிருக்கும். அப்படியென்றால் நெஞ்சுக்கு அந்தப் புரதத்தையே ஊசியாகப் போடலாமே என்று பெரிய பெரிய ஆய்வுகூடங்கள் முயன்றன. எதிர்பார்த்த பயன் கிடைக்கவில்லை. அவர்களால் முடியாததைப் பிளாஸ்ரிக் போத்தலில் வந்த தூள் செய்யும் என்றால், அதில் என்ன இருக்கிறது என்றாவது போத்தலில் எழுதியிருக்க வேண்டாமா?

“உங்கட அப்பாவை உங்கட ஆஸ்பத்திரி காப்பாத்தினதோ?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அதற்குச் சிரிப்புப் படம் போட்டவர்களில் எங்கள் வீட்டுச் செத்தவீட்டுக்கு வந்தவர்களும் இருக்கிறார்கள். சரி, சொல்கிறேன். அப்பாவுக்கு பைபாஸ் சத்திரசிகிச்சை செய்தோம். சீனியும் பல குழாய் அடைப்பும் சேர்ந்த 1900 பேரில் ஸ்ரென்ற்றையும் பைபாஸையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வு 2012 இல் வந்தது. ஐந்து வருடத்துக்குள் இறப்போ மாரடைப்போ பக்கவாதமோ கண்டவர்கள் ஸ்ரென்ற் வைத்தவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 27, பைபாஸ் செய்தவர்களில் 19. பக்கவாதம் மட்டும் பைபாஸ் செய்தவர்களில் கூடுதலாக வந்தது. எங்களுக்கு இதைச் சொல்லித்தான் முடிவெடுக்க விட்டார்கள். அப்பா அதற்குப் பிறகு வயல் விதைத்தார், வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு நடந்து போனார், பேரனைத் தூக்கினார். பிறகு சிறுநீரகம் போய்த்தான் இறந்தார். அதுவும் சீனிதான். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

தமிழ் வைத்தியத்தை இழிவுபடுத்துகிறேன் என்கிறார்கள். எங்கள் ஊர்ப் பரியாரியார் முறிவுக்கும் செங்கமாரிக்கும் மருந்து செய்தவர், நானே குடித்து வளர்ந்தவள். நெஞ்சு வருத்தம் என்றால் நாடியைப் பிடித்துவிட்டு “பிந்தாமல் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோ” என்பார். அவரையும் இந்தத் தூள் வியாபாரத்தையும் ஒன்றாக வைக்காதீர்கள்.

மருந்துக் கம்பனிக்கு வேலை செய்கிறேனாம். எங்கள் கிளினிக்கில் குளிசை இலவசம், சில வேளைகளில் தட்டுப்பாடு வருவதும் உண்மை. அந்தத் தூள் இலவசமா?

நடந்தால் பக்கக் குழாய் வளரும் என்பதை நான் மறுக்கவில்லை. 2016 இல் ஜேர்மன் வைத்தியர்கள் இதய நோயாளிகளிடம் கடுமையான பயிற்சிக்குப் பிறகு அதை அளந்தே காட்டினார்கள். நடவுங்கள். ஆனால் வைத்தியரைக் கேட்டு, குளிசையோடு, சீனியைக் கட்டுப்பாட்டில் வைத்துக்கொண்டு நடவுங்கள்.

ஒரு அஞ்சியோகிராமுக்கு இங்கிருந்து விடிய முதல் பஸ் பிடித்து ஏ9 வீதியால் போய்வர ஒரு நாள் சம்பளம் போகும் என்பது எனக்குத் தெரியும். கூலிக்குப் போகிற பெண்கள் அதனால்தான் திகதியைத் தள்ளிப் போடுகிறார்கள். அவர்களிடம் வந்து “போகத் தேவையில்லை” என்று சொல்வது எவ்வளவு இலகு. அதுதான் என்னை எரிக்கிறது. காலுக்கும் இதே கதைதான், காலிலும் புதுக் குழாய் சரியாக வளராது, புண் இலகுவில் ஆறாது. 2009 போரில் ஒரு காலைக் கொடுத்துவிட்டு வந்த அண்ணை ஒருவர், மிஞ்சிய காலின் பெருவிரலில் புண்ணோடு அந்தக் கூட்டத்தில் இருந்தார். அவரும் ஒரு போத்தல் வாங்கினார்.

வாங்கியவர்கள் போத்தலையும் கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். நான் ஏச மாட்டேன். குளிசையை நிறுத்தியவர்கள் கிளினிக் நாள் வரட்டும் என்று இருக்காமல் நாளைக்கே வாருங்கள். சீனி உள்ள வீட்டில் யாருக்காவது காரணமில்லாமல் வேர்த்தால், மூச்சு வாங்கினால், சத்தி வருகிற மாதிரி இருந்தால், நெஞ்சு நோகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்குக் கோல் எடுங்கள், அம்புலன்ஸ் வரும், காசு கேட்க மாட்டார்கள்.