லாங்ஸ்ட்ரீட் துரோகியாம்!

நேற்று அந்த குரூப்பில் நடந்த கூத்தைப் பார்த்தவர்களுக்கு முன்கதை தேவையில்லை. மற்றவர்களுக்கு ஒரு வரி: அமெரிக்க உள்நாட்டுப் போரில், அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென் மாநிலங்களின் (கான்ஃபெடரேட்) தளபதி லீ, அவருக்குக் கீழிருந்த தளபதி லாங்ஸ்ட்ரீட், அவர்கள் தோற்ற பெரிய சண்டை கெட்டிஸ்பர்க். "கெட்டிஸ்பர்க்கில் லீயைக் கவிழ்த்த துரோகி லாங்ஸ்ட்ரீட்" என்று குரூப்பில் ஒரு அண்ணன் எழுத, கீழே ஒரே ஹார்ட்டின் மழை. நான் ரெண்டு வரி மறுத்தேன். "கோடு எழுதுற தம்பிக்கு எதுக்குப்பா ராணுவ வரலாறு?" என்று பதில் வந்தது. சரிங்க.

தம்பிக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். லாங்ஸ்ட்ரீட் மேல் பழி விழக் காரணம் கெட்டிஸ்பர்க் இல்லை. 1863 ஜூலை 3 அன்று தனக்குக் கீழிருந்த பிக்கெட்டின் ஆட்களைத் திறந்தவெளியில் அனுப்ப வேண்டாம் என்று மன்றாடியவர் அவர். அனுப்பச் சொன்னது லீ. அடிபட்டுத் திரும்பி வந்தவர்களிடம் "எல்லாம் என் தப்பு" என்று லீயே சொன்னதை, அங்கே இருந்த இங்கிலாந்து அதிகாரி ஃப்ரீமேன்டில் எழுதி வைத்திருக்கிறார். லீ 1870ல் செத்தார். 1872ல் அவர் பிறந்தநாள் மேடையில் ஏறித்தான் ஜூபல் எர்லி இந்தப் பழியைப் போட்டார். யார் இந்த எர்லி? லீயின் இன்னொரு தளபதி, போரின் கடைசி நாட்களில் லீ கையாலேயே பதவி பறிபோனவர். நல்ல சாட்சி!

நடுவில் என்ன நடந்தது? 1867ல் லாங்ஸ்ட்ரீட், தோற்றுவிட்டோம், கறுப்பர்களுக்கு வாக்குரிமை தரும் சட்டத்துக்குக் கட்டுப்படுவோம் என்று பத்திரிகையில் கடிதம் எழுதினார். அடிமை முறையை ஒழித்த லிங்கனின் குடியரசுக் கட்சியிலும் சேர்ந்தார். அதுதான் குற்றம். கெட்டிஸ்பர்க் இல்லை.

"பதவிக்காகத்தானே போனார்?" போரில் எதிரணித் தளபதியாக இருந்து, பிறகு ஜனாதிபதியான பழைய சிநேகிதர் கிராண்ட் சுங்கத்துறையில் வேலை போட்டுக் கொடுத்தது உண்மைதான். ஆனால் 1874 செப்டம்பர் 14 அன்று நியூ ஆர்லியன்ஸ் தெருவில், போலீஸையும் கறுப்பினப் படையினரையும் கூட்டிக்கொண்டு, ஆயிரக்கணக்கான ஒயிட் லீக் (ஆயுதம் ஏந்திய வெள்ளை இனவெறிக் கூட்டம்) ஆட்களுக்கு எதிரே போய் நின்றாரே? குண்டு பட்டு, பிடிபட்டாரே? சுங்கச் சம்பளத்துக்கு இதெல்லாம் யார் செய்வான்?

"அடிமை முறைக்காகச் சண்டை போட்டவனுக்கு வக்காலத்தா?" நியாயமான கேள்வி. நாலு வருஷம் அதற்காகத்தான் சண்டை போட்டார், அதை நான் கழுவிவிடவில்லை. கெட்டிஸ்பர்க்கிலும் ஜூலை 2 அன்று தாக்குதலில் மந்தமாக இருந்தார் என்கிறார்கள். இருக்கட்டும், விடுங்கள்.

போன வருஷம் குடும்பத்தோடு கெட்டிஸ்பர்க் போயிருந்தேன். லாங்ஸ்ட்ரீட் சிலையை வைத்ததே 1998ல். அதுவும் மரங்களுக்கு நடுவில், பீடம் இல்லாமல், தரையோடு தரையாக. என் மகள் குதிரையின் முன்னங்காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இவருக்கு மட்டும் ஏம்ப்பா மேடை கட்டல?" என்றாள். அவரைச் சுட்ட ஒயிட் லீக்குக்கு 1891லேயே நியூ ஆர்லியன்ஸில் தூண் எழுப்பியாயிற்று, கண்ணு. 2017 வரை நின்றது. இதை அவளிடம் எப்படிச் சொல்ல? ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன்.

லாங்ஸ்ட்ரீட் 1904ல் செத்தபோது, சவானாவில் கான்ஃபெடரேட் வாரிசுப் பெண்கள் சங்கம் பூ அனுப்பக்கூட மறுத்தது. முப்பது வருஷக் கோபம்! கேட்டால் கெட்டிஸ்பர்க் என்பீர்கள்.

இன்னொன்று. நான் கோபித்துக்கொண்டு குரூப்பை விட்டுப் போனதாகச் சொல்கிறார்களாம். போகவில்லை. நீக்கினார்கள். என் கமென்ட்டுக்கு முதலில் லைக் போட்டு, அண்ணன் பதில் வந்ததும் எடுத்துவிட்ட நண்பரே, நோட்டிஃபிகேஷன் எனக்கு வந்துவிட்டது.