தமனியில் ஓடுவதெல்லாம் சுத்த இரத்தம் அன்று

"தமனியில் ஓடுவது சுத்த இரத்தம், சிரையில் ஓடுவது ஆக்சிஜனே இல்லாத நீல இரத்தம், எல்லா விலங்குகளுக்கும் இதுவே விதி" என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு. மாணவர்கள் இதை அப்படியே மனப்பாடம் செய்துவிடக் கூடாது என்பதால் விளக்குகிறேன்.

குழாயின் பெயரைத் தீர்மானிப்பது இரத்தம் செல்லும் திசையே: இதயத்திலிருந்து வெளியே கொண்டுசெல்வது தமனி, இதயத்துக்குத் திரும்பக் கொண்டுவருவது சிரை. நம் உடலிலேயே நுரையீரல் தமனியில் ஆக்சிஜன் குறைந்த இரத்தமும், நுரையீரல் சிரைகளில் ஆக்சிஜன் நிறைந்த இரத்தமும் ஓடுகின்றன. பெரும்பாலான மீன்களில் இது இன்னும் தெளிவு. உடலைச் சுற்றி வந்த, ஆக்சிஜன் குறைந்த இரத்தத்தையே இதயம் செவுள்களுக்குத் தள்ளுகிறது, அங்கு ஆக்சிஜனைப் பெற்ற இரத்தம் இதயத்துக்குத் திரும்பாமல் நேரே உடலுக்குச் செல்கிறது. பூச்சிகளிலோ தமனி, சிரை என்ற பிரிவுக்கே இடமில்லை. அவற்றின் இரத்தத்துக்கு ஈடான திரவமாகிய குருதிநிணநீர் உடற்குழியில் திறந்த நிலையில் பாய்கிறது, ஆக்சிஜனைத் தனி மூச்சுக்குழல்கள் சுமக்கின்றன.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்கையில் புடைத்த சிரை நீலமாகத் தெரிந்தாலும், பரிசோதனைக்காக அதிலிருந்து ஊசியால் எடுக்கும் இரத்தம் குழாயில் அடர்சிவப்பாகவே ஏறுகிறது. அந்த நீலம், ஒளி தோலுக்குள் சிதறியும் உறிஞ்சப்பட்டும் திரும்புவதால் வரும் தோற்றம் மட்டுமே. ஓய்விலிருக்கும்போது சிரை இரத்தத்தின் ஹீமோகுளோபினில் ஏறக்குறைய 75 விழுக்காடு ஆக்சிஜனோடுதான் இருக்கிறது. உண்மையில் நீல இரத்தம் உடையது ஆக்டோபஸ். அதிலும், செம்பு கொண்ட ஹீமோசயனின் என்னும் இரத்தப் புரதம் ஆக்சிஜனைப் பிடிக்கும்போதுதான் நீலமாகிறது, இழக்கும்போது நிறமற்றுப்போகிறது.