உதை தவறவில்லை, தடுக்கப்பட்டது

மேலே ஒருவர், அமெரிக்கக் கல்லூரிகளின் அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டத்தில் 2007 செப்டம்பர் 1 அன்று மிச்சிகனை அப்பலாச்சியன் ஸ்டேட் 34-32 என வென்றது வெறும் அதிர்ஷ்டம், கம்பங்களுக்கு நடுவே போனால் மூன்று புள்ளி தரும் கடைசி உதையை மிச்சிகன் வீரர் தவறவிட்டார், இல்லையென்றால் பெயர் தெரியாத அந்தச் சின்னக் கல்லூரி ஜெயித்திருக்காது என்று எழுதியிருக்கிறார். இது தவறு. அந்த உதை தவறவே இல்லை. அப்பலாச்சியன் வீரர் கோரி லிஞ்ச் பாய்ந்து வந்து பந்தைத் தடுத்தார், தடுத்த கையோடு அதை எடுத்துக்கொண்டு எதிர்முனை நோக்கி ஓடினார், ஓடி முடிப்பதற்குள் நேரம் தீர்ந்துவிட்டது. அதற்குக் கொஞ்சம் முன்னால் இன்னொரு உதையையும் இதே அணி தடுத்திருந்தது, அதை ஏன் யாரும் சொல்வதில்லை? இரண்டு நிமிடத்துக்குள் இரண்டு தடுப்பு என்றால் அது பயிற்சி, அதிர்ஷ்டம் இல்லை.

பெயர் தெரியாத அணியும் இல்லை. இரண்டாம் அடுக்குப் பிரிவில் 2005, 2006 இரண்டு ஆண்டும் அவர்கள்தான் தேசியச் சாம்பியன், அந்த 2007-லும் மூன்றாவது முறையாக வென்றார்கள். சரி, மிச்சிகன் தேசியத் தரவரிசையில் 5-ஆம் இடத்தில் இருந்த அணி, அப்போதைய விதிப்படி முதல் அடுக்கில் இருந்த அவர்கள் 85 வீரர்களுக்கு உதவித்தொகை தரலாம், இவர்கள் 63 பேருக்கு மட்டும்தான். அப்படியிருந்தும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நிறைந்த, மிச்சிகனின் சொந்த ஊரான ஆன் ஆர்பர் மைதானத்தில் பாதி ஆட்டத்தில் 28-17 என்று முன்னால் நின்றார்கள். பந்தை எறிந்தும் எடுத்து ஓடியும் ஆட்டத்தை நடத்திய எங்கள் குவார்ட்டர்பேக் ஆர்மன்டி எட்வர்ட்ஸின் வேகத்துக்கு மிச்சிகன் தடுப்பாளர்களால் ஈடுகொடுக்கவே முடியவில்லை. எனக்கு உயிரான அணி இது, ஜெயித்த பெருமையை ஜெயித்தவர்களுக்கே கொடுங்கள்.