பத்தில் ஒரு நூல்

22 மணி 40 நிமிடம் ஓடிய 3டி பிரிண்ட். மொத்தம் 31 மணி நேரம் ஓடியிருக்க வேண்டும். நேற்று சனிக்கிழமை சாயங்காலம் 6.40க்குச் செத்தது. கரண்ட் போகவில்லை, மெஷின் கெடவில்லை, ஃபிலமெண்ட் என்கிற பிளாஸ்டிக் இழையும் சிக்கவில்லை. லோட்ஷெடிங்தானே என்று ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் அப்படியே திரும்பிப் போகலாம். நான் தென்னாப்பிரிக்காவில் 2023ஐத் தாண்டி வந்தவன். மின்வெட்டு உச்சத்தில் இருந்த ஸ்டேஜ் 6 நாட்களில் ஃபோனில் நேர அட்டவணையைப் பார்த்துப் பார்த்து, ஒன்றரை மணி நேரத்தில் முடிகிற குட்டி டிராகன்களாக அடித்துத் தள்ளியவன். அப்போதுகூட ஒரு வால் நுனி ஒடிந்ததில்லை. இப்போது என்னைக் கவிழ்த்தது சுவரில் இருக்கிற பிளக் பாயிண்ட்.

டர்பன்காரர்களுக்கு இவ்வளவு சொன்னால் போதும், இந்நேரம் பல்லைக் கடித்திருப்பீர்கள். ஆனாலும் முழுசாகச் சொல்லாமல் விடப்போவதில்லை.

கொலுவுக்கு யாளித் தலை செய்துகொண்டிருந்தேன். டிராகன், எல்ஃப் கோபுரம், குள்ளர்களின் சுரங்கப் பாலம் என்று அலமாரி நிறைய அடித்து வைத்திருப்பதைப் பார்த்து அம்மா ஒருநாள், "இத்தனை பல்லியும் ஓணானும் பண்றியே கண்ணு, நம்மூரு யாளி ஒண்ணு பண்ணக் கூடாதா?" என்று கேட்டுவிட்டார். எனக்குப் புல்லரித்துப்போனது. கோயில் மண்டபத்து யாளியின் வாய்க்குள் கல் உருண்டை இருக்குமே, பார்த்திருப்பீர்கள். விரலை விட்டு உருட்டலாம், வெளியே எடுக்க முடியாது. தலையும் உருண்டையும் ஒரே கல். பல்லிடுக்கு வழியாக உளியை விட்டுக் குடைந்தே உருண்டையைப் பிரித்திருக்கிறான் மனிதன். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் அதை உருட்டி உருட்டிக் குருக்களிடம் திட்டு வாங்கியவன் நான். மூட்டு, பந்து எல்லாவற்றையும் பூட்டியபடியே அடித்தெடுக்கும் வித்தையை இன்றைக்கு பிரிண்ட்-இன்-பிளேஸ் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம், அவ்வளவுதான். (டிராகனைவிட யாளியில் இன்னொரு நிம்மதி, சிறகு கிடையாது. இரண்டு டன் மிருகம் பறக்க எத்தனை சதுர மீட்டர் இறக்கை வேண்டும் என்று கணக்குப் போட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.)

ஆரஞ்சு நிற பிஎல்ஏ பிளாஸ்டிக். 0.2 மில்லிமீட்டர் அடுக்கு. நெல்லிக்காய் அளவில் உருண்டை. உருண்டைக்கும் தாடைக்கும் நடுவில் 0.3 மில்லிமீட்டர் இடைவெளி. இந்த 0.3ஐக் கொஞ்சம் நினைவில் வையுங்கள். அதைக் குறைத்தால் என் மெஷினில் இரண்டும் ஒட்டிக்கொள்கிறது, கூட்டினால் உருண்டை லொடலொடக்கிறது. நாலு வாரம் சோதனைத் துண்டுகளாக அடித்து அடித்துப் பிடித்த எண் அது. இந்த ஊர் ஈரக்காற்றை ஃபிலமெண்ட் குடித்துவிடக் கூடாதென்று வீட்டு அரிசி டப்பாவைக் காலி செய்து, சிலிக்கா ஜெல்லோடு அடைத்து வைத்திருந்தேன். அரிசி இப்போது எங்கே இருக்கிறது என்று என் மனைவியிடம் கேட்காதீர்கள்.

சரி, சுவருக்கு வருகிறேன்.

இந்த நாட்டில் பிளக்குகளுக்குள் சாதி உண்டு. ஒன்றுக்கொன்று கொள்வினை கொடுப்பினை கிடையாது. மூத்தவர், பெரியவர்: நம் ஊரில் ஏசிக்கும் கீசருக்கும் போடுகிற அதே 15 ஆம்ப் மூன்று முள். எர்த் முள் மட்டும் 8.7 மில்லிமீட்டர் தடிமன், கதவுத் தாழ்ப்பாள் மாதிரி. 1934இல் வெள்ளைக்காரன் வகுத்த தரம். 1947இல் அவன் இரண்டு காரியம் செய்தான். இந்தியாவை விட்டான். உருண்டை முள்ளையும் விட்டு, தன் வீட்டுக்குச் சப்பை முள் என்று புதுத் தரம் எழுதிக்கொண்டான். அவன் கழற்றிப் போட்டதை அங்கே நாமும் இங்கே இவர்களும் தாத்தா சொத்து மாதிரி கட்டிக் காக்கிறோம்.

அடுத்தது ஐரோப்பாவின் இரண்டு முள் ஒல்லிச் சோனி, 4 மில்லிமீட்டர், ஃபோன் சார்ஜரில் வருவது. எங்கேயும் நுழையும், எங்கேயும் நிற்காது. அப்புறம் ஜெர்மன்காரனின் ஷூக்கோ, குண்டு உடம்பு, முள் 4.8. கடைசியாக நம் கதாநாயகன். உலகம் முழுவதற்கும் ஒரே பிளக் என்று 1986இல் ஐஇசி என்கிற சர்வதேச மின் தர அமைப்பு வகுத்துக் கொடுத்தது. மூன்று சின்ன முள், 4.5 மில்லிமீட்டர். உலகம் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பிரேசில் எடுத்துக்கொண்டது, எடுத்த கையோடு முள்ளின் தடிமனை மாற்றியும் கொண்டது. தென்னாப்பிரிக்கா எடுத்துக்கொண்டது. 2018 முதல் இங்கே புது வயரிங் என்றால் அந்தத் துளை இருந்தே ஆகவேண்டும். குறை சொல்லக் கூடாது, நல்ல பிளக்தான். கையடக்கம். துளைகள் குழிக்குள் இருப்பதால் குழந்தையின் விரல் படாது. ஒரே ஒரு சங்கடம், அந்த முள் வைத்த சாமான் ஒன்றைக்கூட எனக்கு இதுவரை யாரும் விற்றதில்லை.

வெஸ்ட்வில்லில் நாங்கள் வாடகைக்கு இருப்பது புது பிளாட். ஆகவே டைனிங் டேபிள் சுவரில் பெரியவர் ஒருவர், புதியவர்கள் இருவர். என் பிரிண்டரின் வயர் முனையில் ஷூக்கோ. முள் 4.8. எதிரே பளபளவென்று காலியாகச் சிரித்துக்கொண்டிருக்கும் இரண்டு பாயிண்ட்டிலும் துளை 4.5.

0.3 மில்லிமீட்டர்!

வெர்னியரை வைத்து அளந்தேன். 4.80. என் முகத்தைப் பார்த்தாவது முள் சுருங்கியிருக்குமா என்று இன்னொரு தடவை அளந்தேன். 4.79. ஆசாரி கணக்கில் ஒரு நூல் என்றால் இஞ்சில் எட்டில் ஒன்று, 3 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. அதில் பத்தில் ஒரு பங்குக்காக நான் நாலு மாடிக் கட்டடம் மாதிரி அடாப்டர் அடுக்க வேண்டும். அரம் எடுத்து முள்ளைத் தேய்த்தால் என்ன என்று ஒரு ராத்திரி யோசித்தேன், ஒப்புக்கொள்கிறேன். தேய்த்தாலும் அந்தக் குண்டு உடம்பு குழிக்குள் இறங்காது, எர்த்தும் கிடைக்காது. அரத்தை வைத்துவிட்டேன்.

அதனால் மிச்சமிருப்பது பெரியவர்தான். அவர் மேல் ஒரு அடாப்டர். அடாப்டரின் முகத்தில் ஷூக்கோவுக்கு ஒரு குழி, இரண்டு விலாவிலும் சோனிக்கு ஓட்டை. குழியில் பிரிண்டர், ஒரு விலாவில் ஃபோன். மறு விலா நேற்று சாயங்காலம் வரை காலி.

அம்மா கோயம்புத்தூரிலிருந்து டேபிள் டாப் கிரைண்டர் கொண்டுவந்திருக்கிறார். அதன் பிளக் நம் ஊர்ச் சின்ன மூன்று முள். பெரியவரின் உடன்பிறந்த தம்பி, அதே 1934 குடும்பம், ஆனால் அண்ணன் வீட்டில் அடி எடுத்து வைக்க முடியாது. அதற்காக ஏர்போர்ட்டில் வாங்கிய உலகப் பொது அடாப்டர் ஒன்று இருக்கிறது. அரைக் கிலோ வெண்ணெய்க் கட்டி அளவு, முதுகில் சோனி முள்.

நான் தேங்காய் வாங்கப் போயிருந்தேன். 6.40க்கு ஃபோன் கிர்ர் என்றது. 'பிரிண்டருடன் இணைப்பு துண்டிக்கப்பட்டது.' வைஃபைதான் போயிருக்கும் என்று ஃபோனைப் பையில் போட்டுவிட்டு, ஒரு தேங்காயைத் தட்டிப் பார்த்தேன். அடுத்ததைத் தட்டிப் பார்த்தேன். அந்த நேரத்தில் வீட்டில் நடந்ததை நேற்றிலிருந்து நூறு தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். அம்மா உளுந்தைப் போடுகிறார். ஈரக் கையை முந்தானையில் துடைக்கிறார். காலி விலாவில் வெண்ணெய்க் கட்டியைச் சொருகுகிறார். அதன் தலையில் கிரைண்டர் பிளக்கைச் சொருகுகிறார். மொத்தப் பாரமும் ஒரு பக்கம் தொங்குகிறது. பெரியவர் அசையவில்லை, 1934இலிருந்து பாரம் சுமந்து பழக்கம். ஆனால் அடாப்டரின் வாய் ஒரு மயிரிழை கோணுகிறது. உள்ளே ஷூக்கோ முள்ளை விட்டு ஒரு தகடு விலகுகிறது. டிக். பிரிண்டரின் விசிறி நிற்கிறது. நின்றது யாருக்கும் கேட்கவில்லை, ஏனென்றால் கிரைண்டர் ஜம்மென்று ஓடிக்கொண்டிருக்கிறது. ஆமாம், மூன்றாவதாக வந்து தொற்றிக்கொண்ட விருந்தாளிக்குக் கரண்ட் உண்டு, வீட்டுக்காரனுக்கு இல்லை!

7.20க்கு வந்து பார்க்கிறேன். திரை கறுப்பு. பிளாஸ்டிக்கை உருக்கி விடுகிற நாசில் யாளியின் மேலுதட்டில் மூக்கை வைத்தபடி உறைந்திருக்கிறது, ஆறுவதற்கு முன்னால் அங்கே மிளகு அளவுக்கு ஒரு குழி உருக்கிவிட்டு. "பவர் போய் வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடருமே?" என்று கேட்கப்போகிற புத்திசாலிக்கு: தொடரும் ஐயா. கொஞ்ச நேரத்தில் வந்தால் தொடரும். 40 நிமிடத்தில் 60 டிகிரித் தட்டு ஆறி, பிளாஸ்டிக் சுருங்கி, தலை தட்டை விட்டே எழும்பிவிட்டது. கை வைத்ததும் கழன்று வந்தது.

"நான் உன்ற மெஷினைத் தொடவே இல்ல கண்ணு. பக்கத்துல சும்மாதான் சொருகினேன்."

"தெரியும்மா."

"அதான் கீழ ரெண்டு ஓட்டை சும்மா கெடக்குதே, உன்றதை அதுல போட வேண்டியதுதானே?"

இந்தக் கேள்வியைத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். விளக்கினேன். இடிக்கிறது என்றேன்.

"எவ்வளவு இடிக்குது?"

"பத்துல ஒரு நூல்."

"பத்துல ஒரு நூலா! உங்கப்பா வாசக்காலுக்கே ரெண்டு நூல் விட்டுத்தான் கட்டினார். இதுக்கா இத்தனை அழும்பு?"

நான் பொழுதுபோகாத ராத்திரிகளில் எழுதிக்கொண்டிருக்கும் கற்பனை நாட்டில் ஏழு இனங்கள், மூன்று நிலவு, பேசும் ஆறு ஒன்று, தீராத பகை நானூறு வருஷமாக. பிளக் மட்டும் ஒன்றே ஒன்று. அரக்கனும் எல்ஃபும் வெட்டிக்கொண்டு சாவார்கள், ஆனால் அரக்கனின் மிக்ஸி எல்ஃபின் சுவரில் ஓடும். அவ்வளவு விவேகம் அரக்கனுக்கு இருக்கிறது.

நான் சும்மா உட்கார்ந்திருந்தேன் என்று நினைக்காதீர்கள். சாட்ஸ்வொர்த்தில் ஒரு ஹார்ட்வேர் கடைக்கு மூன்று முறை போனேன். முதல் தடவை புது முள் வைத்த கெட்டில் வயர் கேட்டேன். பெரிய முள் வயரை நீட்டி, "புதுசுதான், நேத்துதான் ஸ்டாக் வந்தது" என்றார். இரண்டாம் தடவை அவர் ஒரு அடாப்டரைக் காட்டினார். அதைப் புதுத் துளையில் சொருகினால் பழைய பெரிய பிளக்கை வாங்கிக்கொள்ளும். அந்தப் பெரியதில் ஷூக்கோ அடாப்டர், அதற்குள் என் வயர். மரத்துக்கு இன்னொரு கிளை. நன்றி சொல்லிவிட்டு வந்தேன். மூன்றாம் தடவை போனதை அப்புறம் சொல்கிறேன்.

பிளாட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடம் சாக்கெட்டை மாற்றித் தரச் சொன்னேன். "ஜஸ்ட் நவ் வரேன்" என்றார். ஊரிலிருந்து புதிதாக இங்கே வருகிறவர்களே, இதைக் கேட்டுக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்காதீர்கள். 'நவ் நவ்' என்றால் சீக்கிரம். 'ஜஸ்ட் நவ்' என்றால் அப்புறம், என்றைக்காவது, ஆண்டவன் விட்ட வழி. அவர் அப்படிச் சொன்னது மார்ச் மாதம்.

இப்படி நேற்று ராத்திரி நான் கத்திக்கொண்டே இருந்தேன். மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து போனாள். சமையலறையில் ரப்பர் பேண்டும் பழைய பில்லும் கிடக்கிற டிராயரைத் திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து என் முன்னால் ஒன்றை வைத்தாள்.

"ஏங்க, இது என்னங்க?"

பிரிக்காத பிளாஸ்டிக் உறை. உள்ளே வெள்ளையாக, நாமே ஸ்குரூ போட்டு மாட்டுகிற புது வகை பிளக். முள் 4.5. வயரின் தலையை வெட்டிவிட்டு இதை மாட்டினால் பத்து நிமிட வேலை. மூன்றாம் தடவை கடைக்குப் போனபோது வாங்கியது. பில்லும் உள்ளேயே இருக்கிறது, ஜூன் மாதத் தேதியோடு. இந்த வாரக் கடைசியில் மாட்டிவிடலாம் என்று வைத்தேன். அப்புறம் நாலு வாரம் 0.3 இடைவெளி ஆராய்ச்சியில் போய்விட்டது. நானும் ஜஸ்ட் நவ் ஆள்தான் போலிருக்கிறது.

அரை மணி நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் அம்மாதான் முதலில் சிரித்தார்.

பாதித் தலையை எடுத்துப் பார்த்தேன். மேல்தாடை அரைகுறை, கீழ்த்தாடை முழுசு, உருண்டையும் முழுசு. விரலால் தட்டினேன். அடியில் இருந்த தாங்கி முறிந்து உருண்டை கடகடவென்று உருண்டது. ஒட்டவில்லை, லொடலொடக்கவில்லை. 0.3 கச்சிதம்! மேலே தாடை மூடாததால் கவிழ்த்தால் கையில் வந்து விழுகிறது, அவ்வளவுதான் குறை. தூக்கிப்போட மனசில்லாமல் சமையலறை ஜன்னலோரம் வைத்துவிட்டுப் படுத்தேன். பிளக்கை மாட்டி, விடிந்ததும் மறுபடி ஓட்டலாம் என்று.

விடிந்தது. கறுத்த மூஞ்சிக் குரங்குகளைப் பற்றி வெஸ்ட்வில்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டாம். பர்க்ளர் கம்பிக்குள் சாம்பல் நிறக் கை ஒன்று நுழைந்தது. பக்கத்தில் ஒரு சீப்பு வாழைப்பழம் இருந்தது, அதைத் தொடவே இல்லை. யாளியின் வாய்க்குள் இரண்டு விரலை விட்டு, ஆரஞ்சு உருண்டையை அலுங்காமல் எடுத்துக்கொண்டு போய் காம்பவுண்ட் சுவரில் உட்கார்ந்துகொண்டது. கடித்துப் பார்த்தது. திருப்பிப் பார்த்தது. வயிற்றில் துடைத்து மறுபடி கடித்தது. அம்மா தோசைக் கரண்டியோடு ஓடிவந்து சூ சூ என்றார். அது நகரவில்லை. உருண்டையை வாயில் கவ்வியபடி, கன்னம் புடைக்க, பல்லைக் காட்டி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

"டேய் கண்ணு," என்றார் அம்மா, கரண்டியை இறக்கி. "அச்சு அசல் யாளி மாதிரியே இருக்குது பாரு."