லண்டன தாண்டியும் பாலே இருக்கு
உங்க கட்டுரைல இங்கிலாந்து பாலே நடனம்னாலே லண்டன் மட்டும்தான்ங்கற மாதிரி எழுதியிருக்கீங்க, பர்மிங்ஹாம் ஊர்ல இருக்கற பர்மிங்ஹாம் ராயல் பாலே பத்தி ஒரு வரிகூட இல்லயே! 1990ல லண்டன்லேர்ந்து மொத்தமா அங்க குடிவந்த நடனக் கம்பெனி அது, வரவேற்ற ஊருக்கு நன்றியா அந்த வருஷமே அப்போ டைரக்டரா இருந்த பீட்டர் ரைட் செஞ்சு குடுத்ததுதான் அவங்க நட்கிராக்கர், கிளாராங்கற பொண்ணோட கிறிஸ்துமஸ் ராத்திரிக் கதைய சொல்ற பாலே. கிறிஸ்துமஸ் மரம் அப்படியே வளந்துகிட்டே போகும் பாருங்க, மேடையே அடச்சுக்கும், கிளாரா பொம்மை சைஸுக்கு சுருங்கிட்டான்னு யாரும் சொல்லாமயே புரிஞ்சிடும், அவங்க ஆடற ஹிப்போட்ரோம் தியேட்டர்ல கடைசி வரிசைல உக்காந்தாலும் புல்லரிக்கும் எனக்கு. 2020லேர்ந்து கியூபா பாலே நட்சத்திரம் கார்லோஸ் அகோஸ்டா டைரக்டர். 2023ல பிளாக் சபாத்ங்கற ஹெவி மெட்டல் ராக் பேண்டோட இசைய வச்சு முழு பாலே போட்டாங்க, அந்த ஊர் பேண்டுதானே அது, முதல் நாள் அவங்க கிட்டாரிஸ்ட் டோனி அயோமியே மேடைக்கு வந்து கிட்டார் வாசிச்சார்!! தோல் ஜாக்கெட் போட்ட ராக் ரசிகர்களெல்லாம் பாலே பாக்க வந்தாங்கன்னா சும்மாவா?

லீட்ஸ்ல நார்தர்ன் பாலேயும் அருமையான கம்பெனி, கதை சொல்றதுல அவங்கள அடிச்சுக்க ஆளில்ல. ஆனா காசு பத்தாம 2024ல சில ஊர்கள்ல ஆர்கெஸ்ட்ரா இல்லாம ரெக்கார்டிங்குக்கு ஆட வேண்டியதா போச்சு, ரொம்ப வருத்தமா இருக்கு, டான்ஸரோட மூச்ச பாத்து ஆர்கெஸ்ட்ராவ நடத்தற கண்டக்டர் ஒரு நொடி நிறுத்துவார்ல, அது டேப்ல வராதுங்க. அடுத்த கட்டுரைல இவங்கள பத்தியும் எழுதுங்க ப்ளீஸ்.