செடி சாகிறது, திட்டு எனக்கு

இன்று காலையும் போன். மதுரை அக்கா. "ஏன்டா, போன வருஷம் நீ வாங்கிக் குடுத்த ரோஜாவுல ஒரு பூ கிடையாது. உன் நர்சரிக்காரன் ஏமாத்திட்டான்." என் நர்சரிக்காரனாம்! பக்கத்தில் நின்ற பாவத்துக்கு நானும் கூட்டாளி.

கொடைக்கானலில் குடியிருப்பவனுக்கு வருடாவருடம் இதே தண்டனை. மே மாதம் இ-பாஸ் எடுத்துக்கொண்டு வருவார்கள், ஏரியைச் சுற்றுவார்கள், கிளம்பும்போது டிக்கியில் ஆறு ரோஜாச் செடி. "வேண்டாம்க்கா, கீழ வெயில் தாங்காது" என்றால், "உனக்குப் பொறாமைடா" என்று சிரிப்பு. 7,000 அடி உயரத்தில், சித்திரையிலும் ஸ்வெட்டர் போடுகிற ஊரில் வளர்ந்த செடி அது. அதைக் கொண்டுபோய் அக்னி நட்சத்திரத்தில், கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியில், மொட்டைமாடி சிமெண்ட் தரையில் வைத்தால் வேர் வெந்துபோகாமல் என்ன செய்யும்? போதாததற்கு மத்தியானம் மாடி டேங்க் தண்ணீரை ஊற்றுவாள். கை வைத்தாலே சுடும் அந்தத் தண்ணீர்.

ஆறில் ஐந்து ஆடிக்கு முன்பே போய்ச் சேர்ந்தன. மிஞ்சிய ஒன்றைத்தான் வீடியோ காலில் காட்டினாள். "பாரு, எப்படித் தழைச்சிருக்கு, பூதான் இல்ல." அக்கா, கேமராவைக் கீழே இறக்கு என்றேன். காட்டு ரோஜா வேரில் நல்ல ரகத்தை ஒட்டுப் போட்ட முடிச்சுக்கு மேலே கருகிய குச்சி. தழைத்ததெல்லாம் முடிச்சுக்குக் கீழே கிளம்பிய காட்டு ரோஜா. வாங்கிய ரகம் செத்து எட்டு மாதம் ஆகிறது. அதற்குத்தான் தினமும் வெங்காயத் தோல் தண்ணீர்!

இத்தனைக்கும் இவர்கள் நிலக்கோட்டையைத் தாண்டித்தான் மலை ஏறுகிறார்கள். அங்கே அந்த வெயிலிலேயே பன்னீர் ரோஜா பூத்து மார்க்கெட்டுக்கு வருகிறது. அதில் ஒன்று வாங்கி, மத்தியான வெயில் படாத மூலையில் வைத்து, மண்மேல் காய்ந்த சருகைப் பரப்பி, காலையில் தண்ணீர் விட்டால் போதும். ஆனால் அது 'நாட்டு' ரோஜாவாம். கௌரவம் குறைகிறதாம்.

அடுத்த புகார் தக்காளி. பூ பூவாய் உதிர்கிறதாம், "மண்ணு சரியில்ல." மண் என்ன செய்யும்? பகல் 35 டிகிரியைத் தாண்டி ராத்திரியும் புழுங்கினால் மகரந்தம் கெட்டுப்போகும், பூ உதிரத்தான் உதிரும். தப்பிக் காய்த்த நாலும் சிவக்காமல் மஞ்சளாக நிற்கும். சித்திரைக்கு முன் காய்த்து முடிகிற மாதிரி மார்கழியிலேயே நட்டிருக்க வேண்டும். சொன்னேன். கேட்டால்தானே.

"உனக்கென்னடா, ஏசி ஊரு" என்பாள் கடைசியில். அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இந்த ஏசி ஊரில் என் தக்காளி பழுத்து யார் பார்த்தது? ஒரு வாரம் மூடுபனி நின்றால் போதும், உருளைக்கிழங்கை அழிக்கிற அதே கருகல் நோய் வந்துவிடும். இலையில் எண்ணெய் பட்டதுபோல் திட்டு, அடியில் வெள்ளைப் பூஞ்சை, நாலாம் நாள் செடியே கறுப்பு. தப்பிய காய்களை அரிசிப் பானைக்குள் புதைத்துப் பழுக்க வைத்தேன். பாதி அழுகியது. ரசத்துக்குக் கீழிருந்து லாரி ஏறி வருகிற தக்காளிதான்.

அடுத்த மாதம் வருகிறாளாம். "இந்தத் தடவ மஞ்சள் ரோஜாடா." நான் வாயே திறக்கவில்லை. வரும்போது தக்காளி ரெண்டு கிலோ வாங்கிக்கொண்டு வா என்று மட்டும் சொன்னேன்.