பெரியம்மா சாப்பிட்டுட்டாவாம்!

"உங்கள் உணவு அனுபவம் எப்படி இருந்தது? எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?"

விடியக்காலமை ஃபோனைக் கையில எடுத்தா விமானக் கம்பனியிட்ட இருந்து இந்த மெயில். பக்கத்தில பல்லைக் காட்டுற மஞ்சள் மூஞ்சி ஒண்டு. நட்சத்திரம் வேணுமாம். அண்டைக்குப் பெரியம்மாவுக்குப் பசியில கண்ணுக்குள்ள பூச்சி பறந்தது. வேணுமெண்டா அந்தப் பூச்சியில அஞ்சைப் பிடிச்சு அனுப்பிவிடுறன், வைச்சிருங்கோ.

எந்த விமானம் எண்டு கேட்காதேங்கோ. எல்லாம் ஒரே குட்டையில ஊறின மட்டைதான். கொழும்பு கட்டுநாயக்காவில ஏறி, சென்னையில மாறி, அங்கேயிருந்து உள்நாட்டு விமானத்தில காசிக்கு. வெள்ளவத்தையில பாதிச்சனம் போய்வந்த பாதை, விளக்கத் தேவையில்லை. ரிக்கற் போடேக்கையே சாப்பாட்டுக்கும் சேர்த்துக் காசு கட்டியாச்சு. கட்டாமல் விடலாம்தான், ஆனா அந்த இணையத்தளம் விட்டால்தானே! சீற்றுக்குக் காசு, பெட்டிக்குக் காசு, காப்புறுதிக்குக் காசு, எல்லாத்தையும் தாண்டி வந்து மூச்சு விடுற நேரத்தில ஒரு படம். சோறு, பருப்பு, பனீர், மேலே கொத்தமல்லி இலை, ஆவி பறக்குது. முன்கூட்டியே எடுத்தால் மலிவாம். உங்கட பேருக்கே தனியா எடுத்து வைப்பினமாம்.

பெரியம்மா சுத்த சைவம். முட்டை பட்ட கேக்கைக்கூடத் தொடமாட்டா. அண்டைக்கு வெள்ளிக்கிழமை வேற. வீட்டிலயிருந்து கட்டிக்கொண்டு வந்த புளிச்சோத்துப் பார்சல் சென்னையில காத்துக்கிடந்த நேரத்திலேயே முடிஞ்சுபோச்சு. "பரவாயில்லை பிள்ளை, பிளேனுக்குள்ள தருவினம்தானே" எண்டு வெறும் லன்ச் ஷீற்றை நாலா மடிச்சு ஹாண்ட்பாக்குக்குள்ள வைச்சா. அந்த நம்பிக்கையை நினைச்சாத்தான் எனக்கு இப்பவும் வயிறு எரியுது.

எங்கட வரிசை 27. தள்ளுவண்டி முதலாம் வரிசையில தொடங்குது. நூற்றி எண்பது சீற், முப்பது வரிசை, நடுவில ஒரு ஒடுங்கின ஒழுங்கை. மூண்டாம் வரிசையில ஒருத்தர் சாண்ட்விச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, உள்ளுக்க என்ன எண்டு விசாரிச்சு, விலையைக் கேட்டு, கடைசியில தண்ணி மட்டும் வாங்கினார். ஏழாம் வரிசையில ஐந்நூறு ரூபாவுக்குச் சில்லறை இல்லை. ஒன்பதாம் வரிசையில ஒரு குடும்பம் மூண்டு நூடில்ஸ் கப்புக்குச் சுடுதண்ணி கேட்டு, அது வந்து, ஊத்தி, மூடி, நன்றி சொல்லி... நான் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்ததில அந்த ஒழுங்கையில போற வாற எல்லாரையும் மனப்பாடம் பண்ணியாச்சு. 12ஆம் வரிசைக்கு வந்த வண்டி, கடவுளே, திரும்பிப் போகுது! ஏனெண்டா கோப்பி முடிஞ்சுதாம். திரும்பி வரேக்க சீற்பெல்ட் லைற் எரியுது. மேகமாம், குலுங்குமாம். எல்லாரும் இருங்கோ, வண்டியும் இருக்கட்டும். குலுங்கினது என்னவோ ஒரு நிமிசம். லைற் அணைய இருபது நிமிசம்.

வண்டி தள்ளுற அந்த நாலு பணிப்பெண் பிள்ளைகளிலயும் எனக்குக் கோபமில்லை. ஐம்பது சீற்றுக்கு ஒருத்தர் எண்டு சட்டம் வைச்சிருக்கிறதே ஆபத்து நேரத்தில எங்களை வெளியில இறக்கிவிட. சோறு பரிமாற இல்லை. (கோபமில்லை எண்டது பொய். கொஞ்சம் இருக்கு.)

வண்டி வந்துது. பெரியம்மா மேசையை விரிச்சு, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகி, கையைத் துடைச்சு ஆயத்தம். நான் பிரிண்ட் எடுத்த தாளை நீட்டினன். ஓம், பிரிண்ட். கொழும்பில இருந்து போறவை நாங்கள், தாள் இல்லாமல் எங்கேயும் போகமாட்டம். அந்தப் பிள்ளை கையில இருந்த ரப்லெற்றைத் தட்டிப் பார்த்துட்டு, நல்ல சென்னைத் தமிழில சொல்லுது:

"மேம், இவங்களுக்கு ஆல்ரெடி சர்வ் பண்ணியாச்சுன்னு காட்டுதே."

"ஆருக்கு?"

"இவங்களுக்குத்தான் மேம். ட்வென்டி செவன் பி. மீல் முடிஞ்சிருச்சு."

நான் பெரியம்மாவைப் பார்த்தன். பெரியம்மா என்னைப் பார்த்தா. விரிச்ச மேசையில ஒண்டுமில்லை, பழைய கோப்பிக் கறை மட்டும் வட்டமா ஒண்டு.

"என்னவாம் பிள்ளை?"

"நீங்கள் சாப்பிட்டுட்டீங்களாம், பெரியம்மா."

"நானோ? எப்ப?"

இந்த "எப்ப" இருக்கே, எழுபது வயசு தாண்டின மனுசி உண்மையாவே யோசிச்சுப் பார்த்துக் கேட்டது. தனக்கு மறதி வந்துட்டுதோ எண்டு ஒரு கணம் பயந்துட்டா. ஒரு ரப்லெற் ஒரு மனுசியை அவவின்ர வயித்தையே நம்பவிடாமல் பண்ணிப்போட்டுது.

"தங்கச்சி, நல்லாப் பாருங்கோ. நாங்கள் எழும்பவே இல்லை."

"சிஸ்டத்துல அப்படித்தான் மேம் இருக்கு."

"சிஸ்டமோ சாப்பிடுறது?"

"ஸாரி மேம். வேணும்னா ஆன்போர்டு மெனுவுல ஏதாச்சும் வாங்கிக்கலாம்."

வாங்கிக்கலாம்! கட்டின காசுக்குச் சாப்பாடு இல்லை, திரும்பக் காசு கட்டினால் இருக்கு. சரி, என்ன இருக்கு? சிக்கன் சாண்ட்விச். சிக்கன் ரோல். வெஜ்? முடிஞ்சுது. 27ஆம் வரிசைக்கு வெஜ் எப்பவாவது மிஞ்சினதாச் சரித்திரம் இருக்கோ? முன்னால அசைவம் சாப்பிடுறவையும் பனீரைப் பார்த்தால் அதைத்தான் எடுப்பினம். பின்னால இருக்கிற விரதக்காரருக்குக் கோழி. 2017 ஜூலையில, ஏர் இந்தியா இன்னும் அரசாங்கத்தின்ர கையில இருக்கேக்க, உள்நாட்டு இகொனமி வகுப்பில அசைவத்தையே நிப்பாட்டினவை. அப்ப உலகமெல்லாம் சண்டை பிடிச்சுது. பெரியம்மாவைக் கேட்டிருந்தா கற்பூரம் கொளுத்தியிருப்பா.

மிஞ்சினது ஒரு டின் கஜுவும், சுடுதண்ணி ஊத்துற கப் உப்புமாவும். உப்புமாவை எடுத்தம். பாங்க் கார்டை நீட்டினால் மிஷின் வேலை செய்யேல்லை. "யூபிஐ இருக்கா மேம்?" ஃபோனால காசு கட்டுற இந்த யூபிஐ 2024 பெப்ரவரியில எங்கட ஊருக்கும் வந்தது உண்மைதான், ஆனா அது அங்கேயிருந்து வாறவை இங்கே கடையில ஸ்கான் பண்ணிக் காசு கட்ட. எங்கட பாங்க் கணக்கை வைச்சு நாங்கள் அங்கே என்னத்தை ஸ்கான் பண்ண? அதுவும் ஃபோனை ஃபிளைற் மோட்டில போடச் சொன்னதே நீங்கள்தானே! பெரியம்மா காசி விஸ்வநாதருக்கு எண்டு முடிச்சுப் போட்டு வைச்சிருந்த இந்திய ரூபாவை அவிழ்த்துத்தான் அந்த உப்புமாவை வாங்கினது. சுவாமி காசு, சொல்லிப்போட்டன்.

இனி உப்புமாக் காண்டம். மூடியைக் கிழிச்சு, கோடு வரைக்கும் சுடுதண்ணி ஊத்தி, எட்டு நிமிசம் மூடி வைக்கவேணுமாம். ஆர் இதைக் கண்டுபிடிச்சது? விமானத்துக்குள்ள காத்தமுக்கம் தரையில இருக்கிற மாதிரி இல்லை. எட்டாயிரம் அடி உயரத்தில நிக்கிற அளவுக்குக் குறையலாம். நுவரெலியா ஆறாயிரம் அடியை இப்பதான் தாண்டும், பீதுருதாலகால உச்சியே 8,281 அடி. எண்டா நீங்கள் இருந்து சாப்பிடுறது நுவரெலியா பஸ் ஸ்டாண்டுக்கும் மேல. அந்த உயரத்தில தண்ணி 92 பாகை மட்டிலயே கொதிச்சிடும், அதுக்கு மேல சூடேறாது. நுவரெலியாவில பருப்பு அவிக்கிற ஆரையாவது கேளுங்கோ, சொல்லுவினம். இவங்கள் ஊத்தினது கொதிச்ச தண்ணியும் இல்லை. கொஞ்சம் வெதுவெதுப்பு, ஆள் குளிக்கலாம்.

இதில உப்புக் கதை வேற இருக்கு. மேலே காத்து வரட்சி, இரைச்சல் ஓயாது, நாக்குக்கு உப்பும் இனிப்பும் சரியாத் தெரியாது. ஜேர்மனியில ஃபிரவுன்ஹோஃபர் எண்ட ஆராய்ச்சி நிறுவனம், அமுக்கம் குறைச்ச விமானக் கூட்டுக்குள்ள ஆக்களை இருத்திச் சாப்பிடக் குடுத்தே சோதிச்சுப் பார்த்தது. மேலே சனம் ஏன் தக்காளி ஜூஸ் கேக்குது எண்டு தெரிஞ்சுகொள்ளத்தான் அந்தச் சோதனை. அதுக்கு விமானக் கம்பனிக்காரர் கண்டுபிடிச்ச வைத்தியம் உப்பை அள்ளிக் கொட்டுறது. பெரியம்மா காலமையும் பின்னேரமும் பிரஷர் குளிசை போடுற ஆள்.

ஆனா உப்பு கூடவோ குறையவோ எண்டு எங்களுக்குத் தெரிய வரவே இல்லை. எட்டில நாலாவது நிமிசம் அறிவிப்பு: இறங்கப் போறம், மேசையை மடியுங்கோ, சீற்றை நிமித்துங்கோ. உடனே வந்துது பாருங்கோ குப்பைப் பை! சாப்பாடு வர ஒண்டரை மணித்தியாலம். குப்பைப் பை 27ஆம் வரிசைக்கு ரெண்டு நிமிசத்தில. பெரியம்மா கப்பை நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சா. "மேம், ப்ளீஸ் மேம், லேண்டிங் மேம்." ஒரு கரண்டி வாயில போட்டா. நறுக்கெண்டு கேட்டுது. எனக்கு முதல் பயம் அவவின்ர கட்டின பல்லு.

இந்த வியாபாரம் தொடங்கினதே இப்பிடித்தான். 1919இல லண்டனில இருந்து பாரிசுக்குப் போன விமானத்தில முதன்முதல் சாப்பாட்டுப் பெட்டி குடுத்தவை, மூண்டு சிலிங் வாங்கிக்கொண்டுதான். அப்பவே காசுக்குத்தான் எண்டாலும் பெட்டி கையில வந்துது! நடுவில கொஞ்சக்காலம் வெள்ளிக் கரண்டி, துணித் துவாய் எண்டு ஆட்டம் போட்டினம். பிறகு 1987இல அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தலைவர் கிராண்டல் சலாட்டில இருந்து ஒலிவ் காயில ஒண்டை எடுக்கச் சொல்லி, வருசத்துக்கு நாற்பதாயிரம் டொலர் மிச்சம் பிடிச்சார் எண்டு சொல்லுவினம். மற்றக் கம்பனிக்காரர் எல்லாரும் அதை வேத வாக்கா எடுத்தினம். ஒரு ஒலிவில தொடங்கினது, கடைசியில முழுத் தட்டையும் எடுத்து, எடுத்ததுக்கு மேல "சர்வ் பண்ணியாச்சு" எண்டு முத்திரையும் குத்திற இடத்தில வந்து நிக்குது.

இல்லை எண்டால் இல்லை எண்டு சொல்லுங்கோவன்! 2021 ஏப்ரலில இருந்து நவம்பர் வரைக்கும், கொரோனாக் காலத்தில, ரெண்டு மணித்தியாலத்துக்குக் குறைஞ்ச உள்நாட்டுப் பயணத்தில சாப்பாடே குடுக்கக்கூடாது எண்டு இந்தியாவில சட்டம் போட்டிருந்தவை. அது எவ்வளவு நல்ல சட்டம்! சனம் வீட்டிலேயே வயிறு முட்டச் சாப்பிட்டிட்டுப் போயிருக்கும். எங்கட இரத்மலானையில ஏறிப் பலாலியில இறங்குற சின்ன விமானத்தில தள்ளுவண்டி ஓட இடமே இல்லை. ஒருத்தரும் படம் காட்டி ஏமாத்திறதும் இல்லை, ஒரு மணித்தியாலம் பல்லைக் கடிச்சா யாழ்ப்பாணம். ஓடுற ரயிலில கூடையோட ஏறுற வடைக்காரரைப் பாருங்கோ. ரப்லெற் இல்லை, சிஸ்டம் இல்லை, நிக்கவே இடமில்லாத பெட்டிக்குள்ள மூண்டு பேரின்ர காலை மிதிச்சுக்கொண்டு வந்து, பேப்பரில சுத்தின வடையும் பொரிச்ச மிளகாயும் தந்து, மிச்சக் காசும் சரியாத் தாறார். நீங்கள் சாப்பிட்டுட்டீங்கள் எண்டு ஒருநாளும் சொன்னதில்லை.

சென்னை விமானநிலையத்தில 2025 பெப்ரவரியில, பத்து ரூபாவுக்குத் தேத்தண்ணி, இருபது ரூபாவுக்குச் சமோசா எண்டு ஒரு கடை திறந்தவை. நல்ல விசயம். அந்த ஆக்களைக் கொஞ்சம் மேலே ஏத்திவிடுங்கோ.

முறைப்பாடு எழுதினன், ஏன் எழுதேல்லை? பதில் வந்துது. "எங்கள் பதிவுகளின்படி உணவு வழங்கப்பட்டுள்ளது. மீண்டும் உங்களை வரவேற்க ஆவலாக உள்ளோம்." நான் திரும்பவும் எழுத, அவை அதையே திரும்பவும் அனுப்பிச்சினம். மூண்டாந்தரம் எழுதேக்க பெரியம்மா சோபாவில இருந்து சொன்னா, "விடு பிள்ளை. காசிக்குப் போனா விருப்பமான ஒண்டை விட்டுட்டு வரவேணும் எண்டுதானே வழக்கம். மற்றவை பாவக்காயை விடுகினம். நான் பிளேன் சாப்பாட்டை விட்டுட்டன்." சொல்லிப்போட்டுத் தானே சிரிக்கத் தொடங்கினா, நானும் சிரிச்சு, ரெண்டு பேருக்கும் புரைக்கேறிப்போச்சு. இப்ப வீட்டில சோறு போடவோ எண்டு கேட்டா, "பொறு, சிஸ்டத்தில பார், நான் சாப்பிட்டுட்டனோ எண்டு" எண்டுறா.

சரி, அந்த நட்சத்திரக்காரருக்கு ஒரு பதில் எழுதுவம் எண்டு இருந்தால், எழுத விடுறாங்களே? ஞாயிற்றுக்கிழமை, ஏழு மணிகூட ஆகேல்லை, பக்கத்து வளவில டைல் வெட்டத் தொடங்கீட்டாங்கள். இந்த ஒழுங்கைக்குள்ள இன்னும் எத்தினை அபார்ட்மெண்ட்தான் கட்டுவியள்? குசினி யன்னலுக்கால வந்த ஒரு துண்டு வெயிலும் போச்சு, காயப்போட்ட உடுப்பெல்லாம் சீமெந்துத் தூள். எட்டிப் பார்த்து "தம்பி, இது நியாயமோ?" எண்டு கத்தினால், அந்த நேரம் பார்த்து மிஷின் நிண்டுபோக, அவன் நல்ல மரியாதையாக் கேக்கிறான்: "அக்கா, எங்கட பக்கம் கரண்ட் போயிட்டுது, உங்கட வீட்டில இருந்து ஒரு வயர் இழுக்கலாமோ?"